எவர்சில்வர் துப்பாக்கி

மொழிபெயர்ப்பாளனைத் தேடி வருகிற வேலைகளில் பாதி, பத்திரங்கள். இலக்கியம் எப்போதாவது வரும். எல்லையோரக் கிராமங்களில் பத்திரத்துக்குப் பஞ்சமே இல்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுகொண்டது. கோடு தாலுகாக்களுக்கு நடுவில் போடப்பட்டாலும், குடும்பங்களுக்கு நடுவிலும் போய்விட்டது. மலையாள ஆதாரத்தைத் தமிழில் படிக்க வேண்டிய தம்பிகளும், தமிழ்ப் பட்டாவை மலையாளத்தில் காட்ட வேண்டிய அண்ணன்களும் அங்கே நிறைய.

சென்ற மாதம் பாறசாலைக்கு அருகே ஒரு வீட்டுக்குப் போனதும் பாகப்பத்திரம் ஒன்றுக்காகத்தான். அண்ணன் பரம்பரை வீட்டில் இருக்கிறார். தம்பி களியக்காவிளை தாண்டி, தமிழக எல்லைக்குள். நடுவில் சில கிலோமீட்டர். மாநிலம் வேறு, அலுவலகம் வேறு, அரசு மொழி வேறு. வரைவில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. சாலையோரப் பதினைந்து சென்ட் நிலம் அண்ணனுக்கு. அதற்கு ஈடாகத் தம்பிக்கு, ‘காலஞ்சென்ற தகப்பனார் வைத்திருந்த பழைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவால்வர் ஒன்று, மதிப்பு ஆறு லட்சம்.’

நான் நிமிர்ந்து பார்த்தேன். “எவர்சில்வராக்கும் சார். துருவே பிடிக்காது. பாரின் சாதனம், இப்போ இறக்குமதியும் கிடையாது” என்றார் அண்ணன். தம்பி பேசவில்லை.

தகப்பனார் மலையோர ரப்பர் தோட்டமொன்றில் கணக்குப் பார்த்தவர். சம்பளப் பணம் கொண்டுபோவதற்காக உரிமம் வாங்கியிருந்தார். அவர் இறந்ததும் சட்டப்படி துப்பாக்கியைத் திருவனந்தபுரத்தில் உரிமம் பெற்ற ஆயுதக் கடை ஒன்றில் ஒப்படைத்துவிட்டார்கள். வீட்டில் இருந்தவை உரிமப் புத்தகமும் 1961ஆம் ஆண்டு ரசீதும்தான். ரசீதில் ‘ரிவால்வர், .32, என்.பி.’ என்று கண்டிருந்தது.

அண்ணன் சொன்ன தொகை முழுக்க வெறும் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் சில நூறு டாலருக்குக் கிடைக்கும் பழைய ரிவால்வர் இங்கே லட்சங்களில் விலை பேசப்படுகிறது. இரும்பின் விலையல்ல அது, சட்டம் ஏற்றிவிட்ட விலை. .380, .455 போன்ற ராணுவ, போலீஸ் தோட்டாக்கள் பொருந்தும் கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட வகையில் வருகின்றன. சாதாரணக் குடிமகன் ரிவால்வர் வேண்டுமென்றால் பெரும்பாலும் .32தான். 1980களின் நடுவில் தனியார் இறக்குமதியும் நின்றுபோனது. அதற்கு முன் வந்து சேர்ந்த வெளிநாட்டு .32கள் எத்தனையோ, அத்தனையேதான் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இருப்பது குறைவு, கேட்பவர் அதிகம். இந்தியத் தொழிற்சாலைகளும் சும்மா இருக்கவில்லை. 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை வெளியிட்ட அரைக் கிலோ எடையுள்ள ‘நிர்பீக்’ ரிவால்வருக்கு அப்போதே ஒரு லட்சத்து 22 ஆயிரம் ரூபாய் சொன்னார்கள்.

ஆனால் விலை வேறு, தரம் வேறு. எனக்கு உறுத்தியது ரசீதில் இருந்த ஆண்டு.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் கதையே துப்பாக்கியில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற உலோக ஆய்வாளர், துப்பாக்கிக் குழல்கள் சீக்கிரம் அரித்துப்போகாமலிருக்க ஒரு நல்ல எஃகைத் தேடிக்கொண்டிருந்தார். 1913இல் சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்து வார்த்த எஃகு, துருப்பிடிக்க மறுத்தது. குழலுக்காகத் தேடியது முதலில் போய்ச் சேர்ந்தது சாப்பாட்டு மேசைக் கத்திக்கு. பிற்பாடு நம் வீடுகளுக்கும் எவர்சில்வர் என்ற பெயரில் வந்து, சீர்வரிசையில் பெயர் வெட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அந்த எஃகில் முழு ரிவால்வரும் செய்து விற்பனைக்கு வந்தது அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1965இல். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் ‘மாடல் 60’ அது. ஐந்து தோட்டா கொள்ளும் சிறிய .38.

1961இல் ரசீது போட்ட ரிவால்வர், 1965இல் பிறந்த வகையாக எப்படி இருக்க முடியும்?

மூவரும் திருவனந்தபுரம் போனோம். கடைக்காரர் வயதானவர், அவசரமே படவில்லை. ரிவால்வரைக் கையில் எடுத்ததும் சுழல் உருளையை வெளியே தள்ளி, ஆறு அறைகளும் காலியா என்று இரண்டு முறை பார்த்தார். பிறகு குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார். சுத்தியலை மெல்லப் பின்னுக்கு இழுத்து, ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். உருளையை முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைத்துப் பார்த்தார். உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தகட்டு அளவியால் அளந்தார். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் நான்கு முதல் எட்டுப் பங்குக்குள் இருப்பது நல்லது என்றார். அதற்கு மேல் போனால் வெடிப்பின் வாயு பக்கவாட்டில் கக்கும். குழலின் பின்வாயில் அரிப்பு இல்லை. பிடியிலும் உருளையிலும் இருந்த எண்கள் ஒத்துப்போயின.

“இயந்திரம் நன்றாக இருக்கிறது” என்றார் மலையாளத்தில். அண்ணன் முகம் மலர்ந்தது.

“ஆனால் இது ஸ்டெயின்லெஸ் இல்லை. நிக்கல் முலாம்.”

எப்படித் தெரியும்? பாத்திரக் கடையில் செய்வதுபோலக் காந்தம் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். சிரித்தார். நம் சமையலறை எவர்சில்வர் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. துப்பாக்கிக்குப் பயன்படும் வகை ஒட்டும். முலாமுக்கு அடியில் இருக்கும் சாதாரண எஃகும் ஒட்டும். ஆக, காந்தத்துக்கு இங்கே வேலையில்லை. கண்தான் சாட்சி. ஸ்டெயின்லெஸ் நிறம் சாம்பல் சாயலில் இருக்கும். உள்ளும் புறமும் ஒரே உலோகம். நிக்கலில் மெல்லிய மஞ்சள் சாயல் தட்டும். விளிம்புகளில் தேய்ந்து அடி எஃகு தெரியும். அவர் காட்டிய இடத்தில், குழலின் நுனியில், முலாம் உரிந்து மிளகளவு துருப்புள்ளிகள். பூவாறு கடற்காற்றும் இரண்டு மழைக்காலங்களும் உள்ள நாட்டில் தோலுறைக்குள்ளேயே வைத்திருந்தால் வேறென்ன ஆகும்? ஈரத்தைத் தோல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அதைவிடப் பெரிய சேதம் பக்தியால் வந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் புளியும் சாம்பலும் போட்டு வீட்டில் விளக்கியிருக்கிறார்கள். கம்பெனி முத்திரை மழுங்கி, கூர்மையான விளிம்புகள் வழவழத்துவிட்டன. பழம்பொருள் சேர்ப்பவர் தேடுவது பளபளப்பை அல்ல, யாரும் கைவைக்காத பழைய மேற்பரப்பை. திருகாணியின் வாய் சிதைந்திருந்தால்கூட விலை இறங்கும். கடைக்காரர் சொன்னது, ஆறு லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

ரசீதில் இருந்த ‘என்.பி.’க்கும் அர்த்தம் கிடைத்தது. ஆயுத உரிம வழக்கில் அது தடை செய்யப்படாத வகை என்பதன் சுருக்கம்; அண்ணன் அப்படித்தான் வாசித்திருந்தார். இங்கே அது ‘நிக்கல் ப்ளேட்டட்’. சுருக்கெழுத்தைச் சூழலிலிருந்து பிரித்தால் அண்ணன் தம்பியையும் பிரித்துவிடும்.

அந்த ஐந்தில் ஒரு பங்கும் தம்பிக்கு உடனே கைக்கு வராது. வாரிசு என்பதாலேயே துப்பாக்கியை எடுத்துச் செல்ல முடியாது. அவர் பெயரில் உரிமம் வேண்டும். அவர் தமிழகவாசி என்பதால் நாகர்கோவிலில் விண்ணப்பிக்க வேண்டும். உரிமம் கிடைக்காவிட்டால், உரிமம் உள்ள ஒருவருக்கு விற்கலாம். காலம் கடத்தினால் அரசு எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால் வாங்குபவர் வட்டமும் சுருங்கிவிட்டது. உரிமப் புத்தகத்தில் எந்தப் பகுதிக்குள் செல்லும் என்றொரு குறிப்பும் உண்டு. கேரளத்துக்கு மட்டும் என்று இருந்தால், இஞ்சிவிளை தாண்டியதும் அதே துப்பாக்கி குற்றப்பொருள். 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அந்தச் சாலையில் துப்பாக்கி என்ற சொல்லே கனமாகிவிட்டது.

மலையடிவார ஊர்களில் கிழங்கைத் தோண்டும் காட்டுப்பன்றிக்கும் இந்த ரிவால்வர் உதவாது. அதற்குப் பழைய இரட்டைக்குழல்தான். சந்தையில் மலிவானது தோட்டத்தில் உபயோகம். விலை உயர்ந்தது பெட்டிக்குள் பூஜை.

திரும்பும் வழியில் பஸ்ஸில் யாரும் அதிகம் பேசவில்லை. நெய்யாற்றின்கரை தாண்டும்போது அண்ணன், “நான் அறிஞ்சு செய்தது இல்ல, கேட்டியா” என்றார் தம்பியிடம். தம்பி “தெரியும் அண்ணா” என்றார்.

வரைவைத் திருத்தினோம். ரிவால்வரைக் கடைக்காரர் மூலம் விற்று வருகிற பணம் இருவருக்கும் சரிபாதி, நிலமும் சரிபாதி. ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்ற இடத்தில் ‘நிக்கல் முலாம் பூசிய’ என்று நான் எழுதினேன். சொல் ஒன்றைத் திருத்தியதற்கு ஏழரை சென்ட் நிலம். மொழிபெயர்ப்பில் இவ்வளவு பெரிய சன்மானத்தை நான் கண்டதில்லை. அது எனக்கு வரவில்லை என்பதில் வருத்தமும் இல்லை.