பேரைப் போட்டா திட்டுது!

இந்த வாரம் கொஞ்சம் வெட்கக்கேடான கதை. கதையில வர்ற பல்பு முழுக்க முழுக்க நானே வாங்கினது. அதனால வேற யார் பேரையும் இழுக்காம நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

போன செமஸ்டர் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம். போஸ்டர் ஒட்ட ஒரு டீம், ஸ்பான்ஸர் பிடிக்க கடை கடையா அலைய ஒரு டீம், சாப்பாட்டுக்கு ஒரு டீம். ‘வெப்சைட் யாருப்பா?’ன்னு கேட்டப்போ, லேப்ல பி.ஹெச்.பி படிச்ச தைரியத்துல நான் கையைத் தூக்கிட்டேன். ரெண்டே ராத்திரியில வேலை முடிஞ்சுது. பேர், காலேஜ், ரெஜிஸ்டர் நம்பர், மொபைல் நம்பர், பிறந்த தேதி, ஐ.டி கார்டு போட்டோ எல்லாம் கேட்கிற ஒரு ஃபார்ம். பதிவு ஆயிடுச்சான்னு பார்த்துக்க, ரெஜிஸ்டர் நம்பரைப் போட்டுத் தேடுற பக்கம் ஒண்ணு. நாலே நாள்ல 412 பேர் பதிவு. காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்.

அஞ்சாவது நாள் ஒரு போன். வேற காலேஜ், செகண்ட் இயர் பொண்ணு. “அண்ணா, என் பேரைப் போட்டா உங்க சைட் திட்டுது!”

பார்த்தா, டி எழுத்துக்குப் பக்கத்துல மேலே ஒரு சின்னக் குறி போட்டு எழுதுற குடும்பப் பேரு. டி'குரூஸ், டி'சில்வா மாதிரி. போர்ச்சுக்கீசியர் காலத்துல இருந்து, 16-ம் நூற்றாண்டு தொட்டு, தூத்துக்குடி பக்கம் கடற்கரை ஊர்களில் இந்தப் பேருங்க சகஜம். அந்தக் குறியோட சப்மிட் பண்ணினா, என் சைட் எஸ்.க்யூ.எல் பிழைன்னு சொல்லி, டேபிள் பேர் வரைக்கும் முழு க்வெரியையும் திரையில துப்புது.

“அந்தக் குறியை எடுத்துட்டுப் போடும்மா”ன்னேன்.

“சர்டிஃபிகேட்ல பேரு தப்பா வருமேண்ணா?”

“பரவாயில்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

சாயங்காலம் கேன்டீன்ல இதை ஜோக்கா சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, ஃபைனல் இயர் அக்கா ஒருத்தரைத் தவிர. “தம்பி, லேப்டாப்பை இப்படித் தள்ளு”ன்னு வாங்கி, என் தேடல் பக்கத்துல ரெஜிஸ்டர் நம்பர் கட்டத்துல என்னமோ டைப் பண்ணினாங்க. ஒரு மேற்கோள் குறி, பின்னாடி ‘ஆர்’, அப்புறம் ஒண்ணு சமம் ஒண்ணு. அவ்வளவுதான். என்டர்.

412 பேரும் வரிசையா வந்து நின்னாங்க. பேரு, பிறந்த தேதி, மொபைல் நம்பரோட. அதுல பாதிக்கு மேல பொண்ணுங்க நம்பர். எனக்குக் கையில இருந்த டீ ஆறிப்போச்சு.

நடந்தது என்ன?

ஹாஸ்டல் மெஸ் கணக்குல சொல்றேன். காய்ச்சல்ல படுத்திருக்கிறவங்களுக்கு ரூமுக்கே சாப்பாடு அனுப்ப ஒரு சீட்டு இருக்குன்னு வைங்க. ‘ரூம் நம்பர் ........ -க்கு பார்சல் கொடுக்கவும்’. நடுவுல கோடிட்ட இடம். நீங்க 12-ன்னு எழுதினா 12-ம் ரூமுக்குப் பார்சல் போகும். ஒரு குறும்புக்காரன் அதே இடத்துல ‘12-க்கும், மத்த எல்லா ரூம்’னு எழுதினான்னா? சீட்டு இப்போ, ‘ரூம் நம்பர் 12-க்கும், மத்த எல்லா ரூம்-க்கு பார்சல் கொடுக்கவும்’! சீட்டுல இருக்கிறதை அப்படியே செய்ற மாஸ்டர் மொத்த ஹாஸ்டலுக்கும் பார்சல் கட்டிடுவார். எது ஆபீஸ் அச்சடிச்சது, எது பையன் எழுதினதுன்னு அவர் பார்க்கலை.

டேட்டாபேஸும் அந்த மாஸ்டர் மாதிரிதான். நான் க்வெரியை ஒரு ஸ்ட்ரிங்கா எழுதி, நடுவுல ஃபார்ம்ல வந்ததை அப்படியே ஒட்டினேன். மேற்கோள் குறி வந்ததும், பேரு முடிஞ்சுது, அடுத்து வர்றது உத்தரவுன்னு டேட்டாபேஸ் நினைச்சுக்குது. ஒண்ணு எப்பவும் ஒண்ணுக்குச் சமம்தானே? அதனால எல்லா வரியும் ‘சரி’ன்னு வெளியே வந்துடுச்சு. இதுக்குப் பேர்தான் எஸ்.க்யூ.எல் இன்ஜெக்‌ஷன். 1998-லயே ‘ஃப்ராக்’ங்கிற ஹேக்கர் இதழ்ல இதை விளக்கி எழுதிட்டாங்க. அதாவது, நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்ச தப்பு!

அந்தப் பொண்ணு போன் பண்ணினப்பவே என் சைட் எனக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கு. நான்தான் அவங்க பேரைத் திருத்தப் பார்த்தேன்.

தப்பான மருந்து மூணு

பதறிப்போய் நான் முதல்ல யோசிச்சதெல்லாம் தப்பு. நீங்களும் அதையே யோசிப்பீங்க, அதனால சொல்றேன்.

ஒண்ணு, மேற்கோள் குறியைத் தடை பண்ணிடறது. நிஜப் பேரு வச்சிருக்கிறவங்களுக்கு அது அவமானம். அதோட, ஓட்டையும் முழுசா அடையாது. க்வெரியில எண் வர்ற இடத்துல மேற்கோளே தேவையில்ல, வெறும் ‘ஆர்’ போதும்.

ரெண்டு, பிரவுஸர்ல ஜாவா ஸ்கிரிப்ட் வச்சுத் தடுக்கிறது. அது பயனருக்குச் செய்யற மரியாதை, அவ்வளவுதான். ஜாவா ஸ்கிரிப்டை யாரும் அணைச்சுக்கலாம். உங்க ஃபார்மைத் திறக்காமலே சர்வருக்குத் தகவல் அனுப்பலாம். கண்ணுக்குத் தெரியாத ஹிடன் ஃபீல்டுல ‘கட்டணம் 150’னு வச்சிருக்கீங்களா? அதை 1-ன்னு மாத்தி அனுப்ப ஒரு நிமிஷம் போதும். பிரவுஸர்ல இருந்து வர்ற எதையும், டிராப் டவுன்ல தேர்ந்தெடுத்ததா இருந்தாலும் சரி, குக்கியா இருந்தாலும் சரி, சர்வர்ல மறுபடி சோதிச்சே ஆகணும்.

மூணு, மேற்கோளுக்கு முன்னாடி ஒரு சாய்கோடு சேர்த்துட்டா போதும்கிற நம்பிக்கை. பி.ஹெச்.பி-யே ஒரு காலத்துல ‘மேஜிக் கோட்ஸ்’னு வச்சு, எல்லா ஃபார்முக்கும் இதைத் தானாவே செஞ்சுது. ஓட்டை முழுசா அடையல, பேருங்கதான் சாய்கோடு சாய்கோடா வந்துச்சு. 2012-ல் 5.4 வெர்ஷன்ல அதைத் தூக்கியே எறிஞ்சுட்டாங்க.

சரியான மருந்து

அக்கா சொன்னது ஒரே வரி. “ஃபார்ம்ல வர்றது வெறும் தகவல். அதை எந்த இடத்துலயும் உத்தரவா மாற விடாதே.”

டேட்டாபேஸுக்கு இதன் அர்த்தம் ‘பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்’. க்வெரியை முதல்ல தனியா அனுப்பணும், பேரு வர்ற இடத்துல கேள்விக்குறி மட்டும் போட்டு. அதுக்கப்புறம் பேரைத் தனியா கொடுக்கணும். மெஸ் கணக்குல சொன்னா, அச்சடிச்ச உத்தரவு மாஸ்டர் கைக்கு முன்னாடியே போயாச்சு. இப்போ ரூம் நம்பர் மட்டும் தனித் துண்டுச்சீட்டுல வருது. ‘12-க்கும், மத்த எல்லா ரூம்’னு எழுதியிருந்தா, அப்படி ஒரு பேர்ல ரூம் இருக்கான்னு தேடுவார். இல்லை. பார்சலும் இல்லை. டி'சில்வா மட்டும் டி'சில்வாவாவே உள்ளே போவாங்க, குறியோட!

பி.ஹெச்.பி-யில பி.டி.ஓ, மை எஸ்.க்யூ.எல்.ஐ ரெண்டுலயும் இந்த வசதி இருக்கு. சீனியர்கிட்ட இருந்து ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸ்ல இருக்கிற பழைய மை எஸ்.க்யூ.எல் ஃபங்ஷன்களை 2015-ல் வந்த 7.0 வெர்ஷன்லயே எடுத்துட்டாங்க. நம்ம ஆளுங்க என்ன பண்றோம்? பேருக்குப் பின்னாடி ஒரு ‘ஐ’ சேர்த்து ஓட வச்சுட்டு, ஒட்டுற வேலையை அப்படியே வச்சுக்கறோம். ‘ஐ’ சேர்த்தா பாதுகாப்பு வந்துடாது பாஸ்! இன்னொரு விஷயம், கேள்விக்குறி மதிப்புகளுக்கு மட்டும்தான். எந்தக் காலம்படி வரிசைப்படுத்தணும்னு பயனர் தேர்ந்தெடுத்தா, அனுமதிச்ச காலம் பேரை நீங்களே பட்டியல் போட்டு, அதுல இருந்தா மட்டும் ஏத்துக்கணும்.

சோதனையை அர்த்தத்தோட செய்யுங்க. டீம்ல 1 முதல் 3 பேர்னா, முழு எண்ணான்னு பாருங்க, அளவைப் பாருங்க. பேருக்கு நீளம் பார்த்தா போதும். ‘லாஸ்ட் நேம் குறைஞ்சது ரெண்டு எழுத்து’ன்னு கேட்கிற ஃபார்ம்ல, வெறும் இனிஷியல் வச்சிருக்கிற நாம எத்தனை தடவை முட்டிக்கிட்டு நின்னிருக்கோம்! அதே கொடுமையை நாமளே அடுத்தவங்களுக்குச் செய்யலாமா?

உள்ளே போனது வெளியே வரும்போது...

டேட்டாபேஸைச் சரி பண்ணிட்டு, பதிவு செஞ்சவங்க பட்டியலைத் திறந்தேன். திரையில ‘ஹாய்’னு ஒரு பெட்டி குதிச்சுது. யாரோ காலேஜ் பேருக்குப் பதிலா ஒரு ஸ்கிரிப்டை எழுதிட்டுப் போயிருக்காங்க. டேட்டாபேஸுக்கு அது வெறும் எழுத்து. ஆனா என் பக்கத்துல அப்படியே அச்சடிச்சதும், பிரவுஸருக்கு அது உத்தரவு.

இதோட பலம் தெரியணுமா? 2005 அக்டோபர்ல அமெரிக்காவுல சாமி காம்கர்ங்கிற 19 வயசுப் பையன் தன்னோட மைஸ்பேஸ் பக்கத்துல இப்படி ஒரு ஸ்கிரிப்டை வச்சான். பக்கத்தைப் பார்த்தவங்க எல்லாரும் தானாவே அவனுக்கு ஃப்ரெண்ட் ஆயிட்டாங்க, ஸ்கிரிப்ட் அவங்க பக்கத்துலயும் ஒட்டிக்கிச்சு. ஒரு நாள்கூட ஆகலை, 10 லட்சம் பேரைத் தாண்டிடுச்சு. மைஸ்பேஸ் சைட்டையே கொஞ்ச நேரம் மூட வேண்டியதாப்போச்சு. 2007-ல் அவர் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

மருந்து சின்னது. பக்கத்துல எழுதுறப்போ ‘ஹெச்.டி.எம்.எல் ஸ்பெஷல் சார்ஸ்’ ஃபங்ஷன் வழியா எழுதுங்க. கோண அடைப்புக்குறி எல்லாம் வெறும் எழுத்தா மாறிடும். உள்ளே வாங்கும்போது இல்ல, வெளியே காட்டும்போது செய்யணும். உள்ளே அசலை அப்படியே வைங்க.

இன்னும் மூணு விஷயம். ஐ.டி கார்டு போட்டோன்னு சொல்லி ஒரு பி.ஹெச்.பி ஃபைலையே அப்லோட் பண்ணலாம். அதனால ஃபைல் பேரை நீங்களே மாத்துங்க, உள்ளே நிஜமா படம்தானான்னு பாருங்க, வெப் ஃபோல்டருக்கு வெளியே வைங்க. பிழைச் செய்தியைத் திரையில காட்டாம லாக்ல எழுதுங்க. பாஸ்வேர்டு வாங்கினா அப்படியே சேமிக்காதீங்க, 2013-ல் இருந்தே ‘பாஸ்வேர்ட் ஹாஷ்’ ஃபங்ஷன் இருக்கு. 2009-ல் ‘ராக்யூ’ங்கிற கம்பெனி இப்படி அப்படியே வச்சிருந்த 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டு வெளியே போனது இதே எஸ்.க்யூ.எல் இன்ஜெக்‌ஷன்லதான்.

யாராவது பார்த்தாங்களா?

இது தான் எனக்குத் தூக்கம் வராத ராத்திரி. தேடல் பக்கத்துல டைப் பண்றது முகவரியிலயே போகும். அதனால சர்வர் லாக்ல பதிவாகியிருக்கும். மேற்கோள் குறி முகவரியில ‘%27’ ஆக மாறும்னு அக்கா சொன்னாங்க. தேடினேன். அக்கா போட்டது ஒண்ணு. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, வேற முகவரியில இருந்து இன்னும் ரெண்டு.

அப்போ, யாரோ பட்டியலை எடுத்துட்டாங்க.

“இதை வெளியே சொன்னா காலேஜ் பேரு என்ன ஆகும்?”னு ஒரு கூட்டம். “சொல்லாம விட்டா, நாளைக்கு ஒரு பொண்ணுக்கு ராத்திரி மிஸ்டு கால் வந்தா யார் பொறுப்பு?”னு அக்கா கேட்டாங்க. யாரும் பதில் பேசல. சைட்டை மூடினோம். 412 பேருக்கும் எஸ்.எம்.எஸ் அனுப்பினோம், ‘உங்கள் தகவல் வெளியே போயிருக்கலாம், தவறு எங்களுடையது’ன்னு. எல்லாத்துக்கும் கீழே என் நம்பர். ரெண்டு நாள் திட்டு வாங்கினேன். நியாயமான திட்டு.

அதுல ஒரு அப்பா கேட்டது மட்டும் இன்னும் காதுல இருக்கு. “சிம்போசியத்துக்கு என் பொண்ணு பிறந்த தேதி உங்களுக்கு எதுக்குப்பா?” யோசிச்சேன். எதுக்குமே இல்ல. ஃபார்ம்னா பிறந்த தேதி இருக்கும்னு வச்சேன். வாங்காத தகவல் திருடு போகாது ஃப்ரெண்ட்ஸ். இந்தியாவுல 2023-ல் நிறைவேறின டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தோட அடிப்படையும் இதுதான். தேவையானதை மட்டும் வாங்கு, தேவை முடிஞ்சா அழி.

முடிஞ்ச விழாவோட சைட் அப்படியே கிடந்தாலும் ஆபத்துதான். 2015-ல் இங்கிலாந்துல டாக்டாக் என்ற தொலைபேசி நிறுவனத்துல 1,56,959 வாடிக்கையாளர்களோட தகவல் போச்சு. வழி விட்டது, அவங்க வாங்கின இன்னொரு கம்பெனியோட பழைய வெப் பக்கங்கள். அப்படி ஒண்ணு இருக்கிறதே அவங்களுக்குச் சரியா தெரியல! அடுத்த வருஷம் 4 லட்சம் பவுண்டு அபராதம். உங்க டிபார்ட்மென்ட்டோட மூணு வருஷத்துக்கு முந்தின சிம்போசியம் சைட் இன்னும் திறக்குதா? இன்னிக்கே பாருங்க.

சிம்போசியம் நல்லபடியா நடந்துச்சு, பேப்பர் நோட்டுல ஸ்பாட் ரெஜிஸ்ட்ரேஷனோட. அந்தப் பொண்ணும் வந்து பேப்பர் பிரசன்டேஷன்ல ரெண்டாவது பரிசு வாங்கினாங்க. சர்டிஃபிகேட்டைக் கொடுத்து, “பேரு சரியா இருக்கான்னு பாரும்மா”ன்னேன். அந்தக் குறியில விரலை வச்சுப் பார்த்துட்டு, “இப்போ திட்டலைண்ணா”ன்னு சிரிச்சாங்க.

உங்க ஃபார்ம்ல இன்னிக்கே ஒரு டி'சில்வாவைப் பதிவு பண்ணிப் பாருங்க. திட்டினா, தப்பு பேர்ல இல்ல.

அடுத்த வாரம் சந்திப்போம்!