மின்சாரத் தாயத்து

தாயத்து விற்றவன் காலத்தில் வெள்ளித் தகடு இருந்தது. தகட்டுக்குள் எழுத்து இருந்தது. கோத்துக் கட்டக் கறுப்புக் கயிறு இருந்தது. இன்று விற்பவனிடம் கறுப்புப் பிளாஸ்டிக் இருக்கிறது. உள்ளே பேட்டரி இருக்கிறது. முனையில் இரண்டு உலோகக் கொம்புகள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் நீலப் பொறி பறக்கிறது, சடசடவென்று ஓசை எழுகிறது. பெட்டியின்மேல் ஓர் எண்: இருபது லட்சம் வோல்ட்! பக்கத்துப் பெட்டியில் ஐம்பது லட்சம். அதற்கும் அடுத்ததில் கோடி. பெயர் ஸ்டன் கன். ஆளை மரத்துப்போகச் செய்து மண்ணில் சாய்க்குமாம். பெண்ணே, பையில் இதை வைத்துக்கொள், பயத்தை விடு என்கிறது விளம்பரம்.

எண்ணைக் காட்டி மயக்குவது இந்நாட்டில் புதிய தொழிலன்று. தசரதனுக்கு அறுபதாயிரம் மனைவியர் என்று புராணிகன் சொன்னபோது, நாளுக்கு ஒருத்தி என்றாலும் முறை திரும்பி வர நூற்று அறுபத்து நான்கு ஆண்டுகள் ஆகுமே, ஐயா என்று கணக்குக் கேட்ட இயக்கம் நம் இயக்கம். கணக்குக் கேட்டதும் கதை கலைந்தது. அறுபதாயிரத்துக்கு அஞ்சாத நாம், கோடிக்கு மட்டும் ஏன் கும்பிடு போடவேண்டும்?

சென்னையின் தென்கோடியில் கோவிலம்பாக்கம் என்றோர் ஊர். பெயரிலேயே கோவிலைச் சுமந்துகொண்டிருக்கும் ஊர். ஆனால் ஊராரைக் காப்பது கோவிலன்று என்பதை ஊரார் அறிவர். மேடவாக்கம் சாலையும் பல்லாவரம் – துரைப்பாக்கம் ரேடியல் சாலையும் தொட்டுச் செல்லும் அந்த ஊரிலிருந்து, துரைப்பாக்கத்துக்கும் பெருங்குடிக்கும் வேலைக்குச் சென்று இருட்டியபின் வீடு திரும்பும் பெண்கள் ஏராளம். பேருந்தை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி, மெட்ரோ வேலைக்காக நிறுத்திய தகரத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு, எரியாத விளக்குக் கம்பத்தைத் தாண்டி நடக்கவேண்டிய அந்தக் கால் கிலோமீட்டர் இருக்கிறதே, அங்கேதான் இந்த வியாபாரியின் சந்தை இருக்கிறது. அச்சம் இருக்கும் இடத்தில்தானே தாயத்து விற்கும்!

அந்த அச்சம் பொய்யன்று. 2014 பிப்ரவரியில் சிறுசேரியில் மென்பொருள் நிறுவனப் பணி முடித்துப் புறப்பட்ட இளம்பெண் வீடு சேரவில்லை. நாள்கள் பல கழித்துப் புதரில் பிணமாகக் கிடைத்தாள். 2016 ஜூன் 24 அன்று நுங்கம்பாக்கம் ரயில் நிலைய மேடையில், காலை வேளையில், பிறர் கண்ணெதிரே ஒரு பெண் வெட்டிக் கொல்லப்பட்டாள். 1998இல் ஒரு மாணவி ஆடவர் கூட்டத்தின் ‘கேலி’க்குப் பலியான பிறகே ஈவ் டீசிங் தடைச் சட்டம் பிறந்தது. இத்தனை மெய்யான அச்சத்தின்மேல் பொய்யான எண்ணை ஒட்டி விற்பவனைத்தான் நாம் கேட்கிறோம்.

இந்த எண் மயக்கம் படிக்காதவரைப் பிடித்த நோய் என்று எவரும் எண்ணவேண்டா. தாம்பரத்துக்குத் தெற்கே காட்டாங்குளத்தூரில் உள்ள எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர் மூவர், 2012 டிசம்பரில் டில்லியில் நடந்த கொடுமை நாட்டை உலுக்கிய பின்னர், பெண்களுக்கென ஓர் உள்ளாடைக் கருவி செய்தார்கள். ‘ஷி’ என்று பெயர். அழுத்தத்தை உணர்ந்து தாக்குவோனுக்கு மின்னதிர்ச்சி தரும். இருக்கும் இடத்தைப் பெற்றோருக்கும் காவல்துறைக்கும் அறிவிக்கும். 2013இல் காந்தியின் பெயரால் வழங்கும் இளம் கண்டுபிடிப்பாளர் விருதும் கிடைத்தது. (காந்தியார் பெயரால் மின்னதிர்ச்சிக்குப் பரிசு! அது கிடக்கட்டும்.) மாணவரின் நோக்கத்தைப் பழிக்க நமக்கு மனம் வராது. ஆனால் அந்த ஏப்ரலில் ஏடுகள் அதைப்பற்றி எழுதியது என்ன? 3,800 கிலோவோல்ட் அதிர்ச்சி. எண்பத்திரண்டு முறை தரவல்லது! நாட்டிலும் வெளிநாட்டிலும் ஏடுகள் அந்த எண்ணை அப்படியே எடுத்து அச்சிட்டன. 3,800 கிலோவோல்ட் என்றால் முப்பத்தெட்டு லட்சம் வோல்ட்! சட்டீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் மின்சாரம் சுமந்து வரும் கம்பித்தடம் 2021இல் இயங்கத் தொடங்கியதே, நாட்டின் மிக உயர்ந்த மின்னழுத்தத் தடங்களில் ஒன்று, அதில் ஓடுவது எட்டு லட்சம் வோல்ட். அதைத் தாங்க வானளாவிய கோபுரங்கள். கோபுரத்திலிருந்து கம்பியை விலக்கி நிறுத்தப் பல மீட்டர் நீளத்துக்குக் காப்பான்கள். அதைப்போல் நாலே முக்கால் மடங்கை ஓர் உள்ளாடைக்குள் மடித்து வைத்துவிட்டார்களாம்! ‘கிலோ’ என்ற இரண்டெழுத்தை எடுத்துவிட்டால் அந்தச் செய்தி நம்பத்தக்கதாகிவிடும். எடுத்துப் பார்க்க ஒரு ஆசிரியருக்காவது தோன்றியதா?

அளந்து பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, தோழர்களே. பள்ளிப் பிள்ளையின் அளவுகோல் போதும். காற்று மின்சாரத்தைத் தடுத்து நிற்கும். ஓர் எல்லை வரையில்தான் நிற்கும். வறண்ட காற்றில், சமதளமான இரு உலோகப் பரப்புகளுக்கு நடுவே, ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய முப்பதாயிரம் வோல்ட் அந்த எல்லை. அதைத் தாண்டினால் காற்று கிழிந்து பொறி பாயும். முனைகள் கூராக இருந்தாலோ இன்னும் குறைந்த அழுத்தத்திலேயே பாயும். ஆகவே பொறி தாவும் இடைவெளியே மின்னழுத்தத்துக்கு வாய்த்த சாட்சி. விற்பவன் பொய் சொல்லலாம், பொறி சொல்லாது.

கடையில் கிடைக்கும் கருவியில் கொம்புகளின் இடைவெளி இரண்டு, மூன்று சென்டிமீட்டர். மூன்று என்றே வைத்துக்கொள்வோம். தாராளமாகக் கணக்கிட்டாலும் தொண்ணூறாயிரம் வோல்ட். கூர்முனை என்பதால் உண்மையில் அதிலும் மிகக் குறைவு. கோடி எங்கே? கீழ்க்கட்டளை ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே வழிந்து நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகும். கலங்கலின் உயரத்துக்கு மேல் ஏரியில் நீரைத் தேக்கி வைத்திருக்கிறேன், பனைமர உயரம் நிற்கிறது என்று ஒருவன் சொன்னால், அந்த ஊர்ச் சிறுவனும் சிரிப்பான். கொம்புகளின் இடைவெளிதான் இந்தக் கருவியின் கலங்கல். அழுத்தம் அந்த உயரத்தைத் தொட்டதும் பொறியாய் வழிந்துவிடும். மேலே ஏற வழியில்லை. முப்பத்தெட்டு லட்சம் வோல்ட் நிற்கவேண்டுமானால் கொம்புகள் நான்கடிக்கு மேல் விலகியிருக்கவேண்டும். கோடி வோல்ட் நிற்கவேண்டுமானால் பதினோரடி. கைப்பையில் அடங்குமா பதினோரடி? அதைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி நடந்தால், மின்சாரம் இல்லாமலே எதிரே வருபவன் ஓடிவிடுவான்!

போகட்டும், எண்தான் பொய், கருவியாவது மெய்யா என்று கேட்பீர்கள். அங்கே இன்னொரு மயக்கம் ஒளிந்திருக்கிறது. வோல்ட் என்பது வலிமையன்று. வறண்ட நாளில் நைலான் சட்டையைக் கழற்றும்போது சடசடக்கும் பொறியில் பல ஆயிரம் வோல்ட் உண்டு; எவரும் செத்ததில்லை. கொசு பேட்டில் ஆயிரத்துக்கு மேல் உண்டு. கொசு சாகிறது, பிடித்திருப்பவர் சாவதில்லை. வீட்டுக் கம்பியில் வெறும் இருநூற்று முப்பது. அது ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ஆளைக் கொல்கிறது. பனைமர உச்சியிலிருந்து ஒரு சொட்டு நீர் தலையில் விழுந்தால் துடைத்துக்கொண்டு போவோம். 2015 டிசம்பரில் முடிச்சூரில் புகுந்த வெள்ளம் பனைமரத்திலிருந்தா விழுந்தது? உயரம் வேறு, ஓடும் அளவு வேறு. எவ்வளவு மின்னோட்டம், எவ்வளவு நேரம், உடலின் எந்தப் பகுதி வழியாக என்ற மூன்றும்தான் தசையை மடக்குவன. இம்மூன்றையும்பற்றிப் பெட்டியின்மேல் ஒரு சொல் கிடையாது. பெரிய எண் எதுவோ அதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

மெய்யாகவே ஆளைச் சாய்க்கும் கருவி ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஜாக் கவர் செய்து 1974இல் காப்புரிமை பெற்ற டேசர் அது. (சிறுவர் சாகசக் கதை ஒன்றின் நாயகன் பெயரிலிருந்து எடுத்த பெயர், கதையிலிருந்து பிறந்தாலும் கணக்குக்குக் கட்டுப்பட்டது.) காவலர் கையில் பரவலாக இருந்த எக்ஸ்26 என்ற வகையின் எண்ணைப் பாருங்கள்: காற்றில் பாயும்போது ஐம்பதாயிரம் வோல்ட், உடலில் சேரும்போது ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு, நொடிக்குப் பத்தொன்பது துடிப்பு. திடகாத்திரமான காவலர் பயிற்சியின்போதே மரம்போல் சாயும் கருவி கூறிக்கொள்வது ஐம்பதாயிரம். கடைத்தெருப் பிளாஸ்டிக் டார்ச் கூறிக்கொள்வது ஐம்பது லட்சம்! வெட்கம் எந்தப் பக்கம் இருக்கவேண்டும்?

டேசர் ஆளைச் சாய்ப்பது வோல்ட்டால் அன்று, தூரத்தால். கம்பி கட்டிய இரண்டு ஊசிகளை அது சில மீட்டருக்கு அப்பால் பாய்ச்சுகிறது. ஓர் ஊசி மார்பிலும் மற்றொன்று தொடையிலுமாக, ஓரடி அளவுக்கேனும் விலகித் தைத்தால்தான் நடுவே உள்ள பெருந்தசைகள் அனைத்தும் ஒருங்கே இறுகும். ஊசிகள் நெருங்கித் தைத்தாலோ தடித்த உடையில் சிக்கினாலோ அந்த விலையுயர்ந்த கருவியும் தோற்கும். நம் கடைக் கருவியில் கொம்புகள் மூன்று சென்டிமீட்டரில் நிற்கின்றன. மின்சாரம் தோலின் ஓரத்தில் ஒரு கொம்பிலிருந்து மறு கொம்புக்கு நழுவிவிடுகிறது. வலிக்கும், சுருக்கென்று குத்தும், சாய்க்காது. டேசரையே ஊசியின்றி உடலோடு ஒட்டவைத்து அழுத்தினாலும் வலிதான் மிஞ்சும் என்பது காவலர் பயிற்சியில் சொல்லித்தரும் பாடம். குடித்திருப்பவனுக்கு அந்த வலியும் உறைக்காமல் போகலாம். வெறி கொண்டவனுக்கு வெறி கூடலாம். அதிலும் சில நொடிகள் விடாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும் என்கிறது குறிப்புத்தாள். விடாமல் பிடிப்பதற்கு அவன் அசையாமல் நிற்பானா? கையெட்டும் தூரத்தில் வந்துவிட்டவன் அதைப் பிடுங்கித் திருப்பமாட்டானா? சாய்க்க வலிமையற்றது என்பதால் தீங்கற்றது என்றும் எண்ணவேண்டா. இதய நோயாளியின் உடலில் விளையாட்டாக வைத்துப் பார்க்கும் பொருளன்று அது.

“ஒன்றுமில்லாததற்கு ஏதோ ஒன்று, தைரியமாவது கிடைக்கிறதே” என்பார் சிலர். இந்த வாதத்தை நாம் முன்பே கேட்டிருக்கிறோம். தாயத்துக்கும் இதைத்தான் சொன்னார்கள். கழிப்புக்கும் இதைத்தான் சொன்னார்கள். தைரியம் தவறான இடத்திலிருந்து வந்தால் காலைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். பையில் கோடி வோல்ட் இருக்கிறது என்று நம்பும் பெண், தோழிக்காகப் பத்து நிமிடம் காத்திருக்கமாட்டாள். சுற்றிப்போகும் வெளிச்சத் தெருவை விட்டுக் குறுக்கு வழியில் நுழைவாள். ஓடவேண்டிய நொடியில் நின்று பையைத் துழாவுவாள். நோய்க்கு மருந்து தேடாமல் தாயத்தை நம்பிச் செத்தவரின் கதையும் இதுவேதான்.

மேலும் ஒரு செய்தி. தேசியக் குற்றப் பதிவேடு ஆண்டுதோறும் சொல்வது, வன்புணர்ச்சி வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் குற்றவாளி அந்தப் பெண்ணுக்கு அறிமுகமானவன் என்று. மாமன், அண்டை வீட்டான், மேலதிகாரி, காதலன், கணவனாக வரவிருந்தவன். அவனெதிரே எந்தப் பெண் எந்நேரமும் பொத்தானில் விரல் வைத்திருப்பாள்? இருட்டுத் தெருவின் அந்நியனை மட்டும் காட்டிக் கருவி விற்பவன், வீட்டுக்குள் இருப்பவனை மறைத்துவிடுகிறான். அவனுக்கு அதனால் இழப்பில்லை. வீட்டுக்குள் வியாபாரம் நடக்காது.

1929 பிப்ரவரியில், இன்று கோவிலம்பாக்கம் சேர்ந்திருக்கும் செங்கற்பட்டு மாவட்டத்தின் தலைநகரில், முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், விரும்பிய தொழிலுக்குச் செல்ல உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. சொத்துரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் வர 1989 ஆயிற்று; அறுபது ஆண்டு. தொழிலுக்குப் போனவள் அச்சமின்றித் திரும்பும் உரிமை மட்டும் எப்போது வரும்? அவள் பை நிறையப் பொருள் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் ஊராட்சிக்கு விளக்குக் கம்பத்தின் செலவில்லை. நிறுவனத்துக்கு வாசல்வரை வண்டி அனுப்பும் செலவில்லை. காவல் நிலையத்துக்கு ரோந்து அனுப்பும் தொல்லையில்லை. பாதுகாப்பு முழுவதும் அவள் பணத்தில், அவள் கையில், அவள் குற்றமாக முடிகிறது. “கருவி வைத்திருந்தாளே, ஏன் பயன்படுத்தவில்லை?” என்று நாளை அவளையே கேட்பார்கள், நேற்று அவள் உடையைப்பற்றிக் கேட்ட அதே வாய்தான் கேட்கும்.

இளைஞர்கள் உடனே செய்யத்தக்கது ஒன்று உண்டு. 1963இல் இலங்கையில் ஆபிரகாம் கோவூர், அற்புதம் செய்து காட்டுவோர்க்கு ஒரு லட்ச ரூபாய் என்று அறைகூவல் விட்டார்; 1978இல் அவர் மறையும்வரை ஒருவராலும் அந்தப் பணத்தைப் பெறமுடியவில்லை. கோடி வோல்ட் வியாபாரியிடமும் அப்படியே கேட்கலாம்: பொறியைப் பதினோரடி தாவவிட்டுக் காட்டு! நமக்கு லட்சமும் தேவையில்லை. நோய் தீர்க்கும் தாயத்து என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். இந்தத் தாயத்துக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது: பொய் விளம்பரத்துக்கு முதல் முறை பத்து லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரையிலும் தண்டம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. உதவி எண் 1915. புகாரில் நீண்ட விளக்கம் வேண்டா. விளம்பரத்தின் படத்தை இணையுங்கள்; அதில் உள்ள எண்ணை ஒரு வரியில் எழுதுங்கள்; கொம்புகளின் இடைவெளியை அளவுகோல் வைத்து அளந்து அடுத்த வரியில் எழுதுங்கள்.