சதவீதம் மட்டும் போதுமா?

பள்ளம் தோண்டாமல், பாறையை உடைக்காமல், பூமிக்குள் அமிலத்தைச் செலுத்திச் செம்பை இருந்த இடத்திலேயே கரைத்து மேலே எடுக்கலாம் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கிணறு வெட்டும் எங்க அப்பாவிடம் சொன்னேன். "பாறையில வெடிப்பு இருந்தாத்தாம்பா தண்ணியே நடமாடும். ஒங்க ஆசிட்டுக்கு மட்டும் தனி வழியா?" என்று கேட்டார். விஷயமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஒரு தாதுப் படிவம் என்றதும் செம்பு எத்தனை சதவீதம் என்றுதான் முதலில் பார்க்கிறோம். இந்த முறைக்கு அது போதாது என்பது என் கருத்து. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஃபுளோரன்ஸ் படிவத்தில் செம்பு அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் பாறை முழுக்க விரிசல். படிவம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அமிலத்தில் கரையும் கிரைசோகொல்லா அந்த விரிசல்களிலேயே படிந்திருக்கு. அதுவே சால்கோபைரைட்டாக இருந்தால், சதவீதம் இரண்டு மடங்கானாலும் நீர்த்த கந்தக அமிலம் லேசில் கரைக்காது.

அதே மாநிலத்தில் கன்னிசன் என்ற இடத்தில் நடந்ததைப் பாருங்கள். 2020இல் அமிலம் செலுத்தினார்கள். செம்பு இருந்தது, கரையவும் செய்தது. ஆனால் விரிசல்களில் கால்சைட்டும் இருந்தது! சுண்ணாம்புக்கல் மேல் அமிலம் பட்டால் பொங்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். சோதனைச்சாலையில் அந்த வாயு காற்றோடு போய்விடும். பூமிக்கடியில் எங்கே போகும்? கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் விரிசல்களை அடைத்துக்கொண்டன, ஓட்டம் குறைந்தது, எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. பிற்பாடு அந்தக் கம்பெனியே திறந்தவெளிச் சுரங்கத் திட்டத்துக்குத் திரும்பியது.

ஃபுளோரன்ஸில் 1997-98லேயே களச் சோதனை நடந்தது. 2018இல் வேறொரு கம்பெனி மறுபடியும் சோதனைக் கிணறுகளை இயக்கியது. செலுத்துவதைவிட அதிகமாக வெளியே இறைத்து, அமிலம் பக்கத்தில் பரவாமல் பார்த்துக்கொண்டார்கள். முடிந்ததும் பாறையை அலசவும் செய்தார்கள். ஆனாலும் ஊர்க்காரர்கள் குடிதண்ணீருக்காகப் பல வருஷம் எதிர்த்தார்கள். அதை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன், கிணறு வெட்டுகிறவர் மகன் நான்.

இருபது வருஷம் வீண் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோணலை. நாளைக்கு நாம் ஒரு மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது, முதல் பக்கத்தில் விரிசலும் கால்சைட்டும் தண்ணீரும் வரட்டும். சதவீதம் நாலாவது பக்கத்தில் வந்தால் போதும்.