கூஸ் வாத்து வளர்க்க மொட்டை மாடி போதுமா?

கோரிப்பாளையத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள்தான் அதிகம். வாசலைத் திறந்தால் தெரு, தெருவைத் தாண்டினால் பஸ் சத்தம். இப்படிப்பட்ட இடத்தில் நாய், பூனை, புறா எல்லாம் வளர்க்கிறார்கள். சரி, கூஸ் வாத்து வளர்க்கலாமா?

அறுவடை முடிந்த வயல்களில் கூட்டமாக மேய்த்துக்கொண்டு போவார்களே, அது சாதாரண வாத்து. கூஸ் அதைவிடப் பெரியது, கழுத்தும் நீளம். அதற்கு முக்கிய உணவு புல்தான். புது ஆள் வந்தால் கழுத்தை நீட்டி, கத்திக்கொண்டே விரட்டும். அதனால்தான் தோட்டம், தோப்புகளில் காவலுக்கு விடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் என்ற ஊரில் ஒரு விஸ்கி கிடங்கையே 1959 முதல் 2012 வரை கூஸ் வாத்துகள் காவல் காத்தன!

ஆனால் அங்கே கிடங்கைச் சுற்றிப் புல் இருந்தது. கூட்டமாகவும் இருந்தன. இங்கே?

ஆஸ்திரியாவின் கான்ராட் லோரன்ஸ் இந்தப் பறவைகளை வைத்துத்தான் ஓர் உண்மையை விளக்கினார். முட்டையிலிருந்து வந்த குஞ்சு, முதலில் பார்க்கும் அசையும் உருவத்தைத் தாயாக ஏற்றுக்கொள்ளும். அவர் பின்னாலேயே குஞ்சுகள் வரிசையாக நடந்தன. 1973-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

வீட்டுக்கு ஒற்றைக் குஞ்சு வாங்கி வந்தாலும் இதே கதைதான். பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவரும். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் லீவு முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு? மாடியில் தனியாக நின்று கத்தும். அது சேட்டை அல்ல, துணையைத் தேடும் குரல். பக்கத்து வீட்டில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குபவருக்கு அது தெரியுமா?

சித்திரை வெயிலில் மதுரை மொட்டை மாடி எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எந்நேரமும் சிமெண்டுத் தரையிலேயே நடந்தால் பாதத்தில் புண் வரும். தலையும் கண்ணும் முக்கிக் கழுவும் ஆழத்துக்குத் தண்ணீர் வேண்டும். வெறும் பிரெட்டும் மிச்சச் சோறும் போட்டு வளர்ப்பதும் சரியல்ல.

தூக்குவதிலும் தவறு செய்கிறார்கள். கழுத்தையோ காலையோ பிடித்துத் தூக்கக் கூடாது. இறக்கைகளை உடம்போடு அணைத்து, அடியில் கை கொடுத்து, தலை பின்பக்கம் இருக்கும்படி இடுக்கிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அதற்கும் வலிக்காது, முகத்திலும் கொத்தாது.

"காசு கொடுத்து வாங்கியது, எங்கள் இஷ்டம்" என்பார்கள். குஞ்சுக்குக் கொடுக்கும் காசு ஒரு தடவைதான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இது 20 வருஷம்கூட வாழும். புல்லும் தண்ணீரும் நேரமும் அத்தனை வருஷமும் கொடுக்க வேண்டிய தவணை. அதைக் கணக்குப் பார்க்காமல் வாங்குவது ஆசை, அன்பு ஆகாது.

சோழவந்தான், அலங்காநல்லூர் பக்கம் உறவினர் தோப்பு இருந்தால் ஜோடியாக வாங்கி அங்கே விடலாம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம். அதுவும் வளர்ப்புதான். மாடி மட்டுமே இருப்பவர்கள், ஒரு தொட்டியில் தண்ணீர் வைத்தால் காக்கையும் குருவியும் தானாக வரும். வந்து குடித்துவிட்டு, இஷ்டப்பட்டபோது பறந்தும் போகும்.