கன்று வளர்கிறது, கயிறு வளர்வதில்லை

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் இரவு பகலாக ஓடும் இந்தச் சாலைகளின் ஓரத்தில்தான் சுற்றுவட்டார ஊர்களின் மாடுகள் மேய்கின்றன. அவற்றில் நைலான் கயிறு கழுத்துத் தோலை அறுத்து உள்ளே இறங்கிய மாட்டையும், மூக்கணாங்கயிறு பட்ட இடம் புண்ணாகிப்போன மாட்டையும் காண்பது அரிதல்ல. அன்றாடம் பார்த்துப் பழகிவிட்டதால் இந்த வதை நம் கண்ணை உறுத்தாமல் போய்விட்டது. இது மிகப் பெரிய ஆபத்து.

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. அதையடுத்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம்–வடகால் என சிப்காட் தொழில் வளாகங்கள் விரிந்தன. வேலை வந்தது, வருமானம் வந்தது. மேய்ச்சல் நிலம் சுருங்கியது. காலையும் மாலையும் மாட்டைத் தடவிப் பார்த்தவர்களில் பலர் இன்று ஷிப்டுக்குப் போகிறார்கள். அவிழ்த்துவிட்ட மாடு தானாக மேய்ந்து தானாக வீடு திரும்புகிறது. அதன் கயிற்றைச் சோதிக்கத்தான் வீட்டில் ஆளில்லை.

கன்றுக்குட்டிக்குக் கட்டிய கயிற்றை மாதக்கணக்கில் தளர்த்தாமல் விட்டால் கழுத்து பெருக்கும், கயிறு இறுகும். பருத்திக் கயிறு நாளடைவில் நைந்து அறுந்துவிடும். நைலான் மட்காது, தோல்தான் அறுபடும். புண்ணில் ஈ மொய்த்து முட்டையிடும், புழு வைக்கும், சீழ் பிடிக்கும். கயிற்றை இழுத்துக்கொண்டு திரியும் மாடு கம்பிவேலியில் சிக்கினால் தப்ப வழியில்லை. மூக்கணாங்கயிறோ நரம்புகள் நெருங்கிய மூக்கின் நடுச்சுவரைத் துளைத்துப் போடப்படுவது. ஒரு வேகமான இழுப்பில் அது கிழிந்துவிடும்.

மாட்டைவிட மிரளும் குணம் கூடிய குதிரைக்கு யாரும் மூக்குக் குத்துவதில்லை. லாயத்திலிருந்து அதை முகக்கயிறு போட்டே நடத்திச் செல்கிறார்கள். மாட்டுக்கும் அது போதும். பட்டையான பருத்திக் கயிறாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூக்கின் மேல் வரும் சுற்று, கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே எலும்பின் மீது படிய வேண்டும். கீழே இறங்கினால் மூச்சை அடைக்கும், மேலே ஏறினால் கண்ணை உரசும். தலைச்சுற்று கொம்புக்கும் காதுக்கும் பின்னால் போக வேண்டும். கயிற்றுக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். வளரும் கன்றுக்கு வாரம் ஒருமுறை இதைச் சோதித்துத் தளர்த்த வேண்டும். மேய விடும்போது தொங்கும் பிடிகயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். விபத்தைத் தடுக்கக் கழுத்தில் கட்டும் ஒளிரும் பட்டைக்கும் இதே இரண்டு விரல் கணக்குதான்.

அளவுக்கு மீறிக் குட்டையான கயிற்றிலோ கனமான சங்கிலியிலோ நெடுநேரம் கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. இந்தத் தொகைக்கு யாரும் அஞ்சப்போவதில்லை. ஆகவே தண்டனையை மட்டும் நம்பியிருக்க முடியாது.

கோமாரி நோய்த் தடுப்பூசிக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை கால்நடைத் துறையினர் மாடுகளைத் தேடி வருகிறார்கள். அப்போதே ஒவ்வொரு மாட்டின் கயிற்றையும் சோதிக்கத் துறை உத்தரவிட வேண்டும். புண்பட்ட மாட்டுக்கு 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும் என்பதைப் பால் கூட்டுறவுச் சங்கங்கள் வீடுதோறும் சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் காட்டுப்பாக்கத்தில், அருகிலேயே இருக்கிறது. முகக்கயிறு கட்டும் பயிற்சியை அது ஊர் ஊராக நடத்தலாம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடக்கூடிய பணிகளில் விலங்கு நலத்தையும் சேர்த்திருக்கிறது. மாடுகள் மேய்ந்த மண்ணில் எழுந்த ஆலைகள் அந்த மாடுகளுக்குப் பருத்தி முகக்கயிறு வாங்கித் தருவது உபகாரமல்ல, கடமை.

இவை எதற்கும் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. அடுத்த தடுப்பூசிச் சுற்றிலேயே தொடங்கலாம். மாடு வைத்திருப்பவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். இன்று மாலை மாடு வீடு திரும்பியதும் கயிற்றுக்கடியில் இரண்டு விரலை நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் அப்போதே தளர்த்துங்கள்.