கடைக்கு வராதவர் யார்?

வருகிற வாடிக்கையாளரைக் கவனிப்பதில் நம் வணிகர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் அல்லர். வராதவரைப் பற்றி யோசிக்கிறோமா?

ஜப்பானில் நாம்கோ நிறுவனத்தின் தோரு இவாதானி யோசித்தார். காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுக் கூடங்களில் அன்று பெரும்பாலும் ஆண்கள் கூட்டம். விளையாட்டுகளும் சுடுவது, அழிப்பது என்றே இருந்தன. பெண்களும் உள்ளே வர வேண்டும் என்று எண்ணி, சாப்பிடுவதையே விளையாட்டாக்கினார். புள்ளிகளை விழுங்கும் மஞ்சள் வட்டம். துரத்தும் பேய்கள்கூட வண்ண வண்ணமாய், பார்க்க அழகாய். 1980இல் வெளிவந்த அந்த பேக்மேன் உலகமெங்கும் சக்கைப்போடு போட்டது. பெண்கள் என்றால் சாப்பாட்டு நினைப்புதான் என்று அவர் கருதியதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் யார் வரவில்லை என்று பார்த்தாரே, அது வியாபாரியின் கண்.

நம் மளிகைக்கடை வாசலில் அரட்டைக் கும்பல். பத்துப் பேர் காதில் விழச் சத்தமாகக் கேட்டால்தான் சரக்கு கிடைக்கும். நாப்கின் வாங்க வரும் பெண் வேறு கடை தேடிப் போகிறாள். அந்த நஷ்டத்தைப் பேரேடு காட்டாது. உறுப்பினர்கள் ஒரு வாரம் எதிர்ச்சாரியில் நின்று, தம் கடையைக் கடந்து போவோரை எண்ணிப் பார்க்க வேண்டும். நான் எண்ணினேன். பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் தாய்மார்களே அதிகம்.