வன்னியில் எல்லா மனநோயும் போரின் வடு அல்ல

வன்னியில் ஒருவர் மனங்குழம்பி நின்றால் அயலட்டை முதலில் கேட்பது, "கடைசிச் சண்டையில ஆரைப் பறிகொடுத்தவை?" என்பதுதான். கேள்வியில் பிழையில்லை. முள்ளிவாய்க்காலில் இருந்து வந்த சனத்தை 2009இல் மெனிக் பாம் முகாமுக்குள் அடைத்து வைத்த மண் இது. அயலிலுள்ள யாழ் மாவட்டத்தில் அதே ஆண்டு எடுக்கப்பட்டு, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்த ஆய்வில் 7 வீதமானோரிடம் மனவடு நோயின் அறிகுறிகளும், 22 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 32 வீதத்துக்கு மேற்பட்டோரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும் காணப்பட்டன. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் போரின் உளத்தாக்கத்தைப் பல ஆண்டுகள் விடாமல் எழுதினார்கள். அதன் பயன் பெரிது. ஆனால் போர் என்ற விடை கைக்கு வந்ததும் மேற்கொண்டு விசாரிப்பதை நாங்கள் நிறுத்திவிடுகிறோம். அப்படித் தவறவிடப்படுவதில் ஒன்று ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்.

வேண்டாத ஒரு நினைப்பு மனத்தில் சுழன்றுகொண்டே இருக்கும், அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும். இந்த நோய் போர் நடக்காத நாடுகளிலும் உண்டு. பெரும்பாலும் பதின்ம வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டும். நூற்றுக்கு ஒருவர் என்று குறைத்தே கணக்கிட்டாலும், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் சில ஆயிரம் பேருக்கு இருக்கவேண்டும். அவர்கள் எங்கே?

பலர் கிணற்றடியில் இருக்கிறார்கள். துடக்குப் பார்ப்பது எங்களுக்குப் புதிதல்ல. செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தலை முழுகுவோம், முப்பத்தொன்று முடிந்தால் துடக்குக் கழியும். நோயாளியின் துடக்கு கழிவதே இல்லை. ஆவணி வறட்சியில் குடிக்கவே பவுசர் தண்ணீரை எதிர்பார்க்கும் ஊரில் அவர் வாளி வாளியாக அள்ளி ஊற்றுவார். தோல் வெடித்து இரத்தம் கசியும். வீட்டில் "நல்ல சுத்தக்காரி" என்ற பெயரும் கிடைத்திருக்கும்.

கண்ணிவெடி அகற்றாத காணியில் அடிபார்த்து நடந்தது நோயல்ல, புத்தி. வெடி எடுத்து, பலகை கழற்றி, கச்சான் போட்டுப் பிடுங்கிய பிறகும் அதே காணிக்குள் கால்வைக்க முடியாமல் ஒருவர் திரும்பத் திரும்ப நிலத்தை ஆராய்ந்தால் அங்கே போரை மட்டும் பழிசொல்லிப் பயனில்லை. உண்மையான எச்சரிக்கை ஆதாரத்தைக் கண்டதும் அடங்கும். இந்த நோய்க்கு எந்த ஆதாரமும் போதாது.

வெளியே தெரியாத வகைதான் கொடியது. வற்றாப்பளைப் பொங்கலில் கண்ணகி அம்மனைக் கும்பிட்டு நிற்கையில் ஆபாசமான ஒரு நினைப்பு குறுக்கிடும். கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய்க்கு, பக்கத்தில் கிடக்கும் கத்தியால் பிள்ளையைக் குத்திவிடுவேனோ என்று தோன்றும். அவள் வீட்டுக் கத்திகளை எல்லாம் ஒளித்துவைப்பாள், ஒருவருக்கும் சொல்லமாட்டாள். சொன்னால் செய்வினை என்று பரிகாரத்துக்குக் கூட்டிப்போவார்கள், அல்லது பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயம். அந்த நினைப்பு அவளுடைய விருப்பம் அல்ல. அவளுக்கு அது சகிக்க முடியாததாக இருப்பதால்தான் இத்தனை வதை.

வைத்தியத்துக்கு வருவோம். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் புதிய முறை ஒன்றைச் செய்து பார்த்து எழுதினார். அஞ்சுவதை அவர்கள் நேரே சந்திக்கவேண்டும், ஆனால் அதன்பின் கழுவுவது போன்ற சடங்கைச் செய்யக்கூடாது. தாதியர் கூடவே இருந்து சடங்கைச் செய்யாமல் பார்த்துக்கொண்டார்கள். சடங்கைச் செய்யாமலே பதற்றம் தானாகத் தணியும் என்பதை உடம்பு மெல்ல மெல்லப் பழகிக்கொள்கிறது. இன்றைக்கும் இந்த நோய்க்கான முதன்மைப் பேச்சுவழி வைத்தியம் இதிலிருந்து வளர்ந்ததுதான். புளூஓக்செற்றீன் போன்ற மருந்துகளும் உதவும். ஆனால் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடிய அளவு வேண்டியிருக்கலாம். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் செல்லும். இரண்டு கிழமையில் "ஒண்டும் கேக்கேல்லை" என்று குளிசையை நிறுத்துகிறவர்களுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்லவேண்டும்.

இங்கேதான் என் வாதம். போருக்குப் பின் எங்களூரில் பரவிய உளவளத்துணை, பெரும்பாலும் ஆறுதல் சொல்லக் கற்ற துணை. இழப்பில் துடிக்கிறவருக்கு அது அருமருந்து. ஓசிடிக்கு அதுவே தீனி. "அம்மா, என்ரை கை சுத்தந்தானே?" "ஓம் பிள்ளை, சுத்தந்தான்." அந்தப் பதில் பத்து நிமிடம் தாங்கும், பிறகு பிள்ளை மறுபடி கேட்கும். கனிவுள்ள துணையாளரும் பாசமுள்ள தாயும் அறியாமலே சுழற்சியில் சேர்ந்துவிடுகிறார்கள். வீட்டார் சட்டென்று வாய்மூடிக்கொள்வதும் கூடாது. நோயாளியோடும் வைத்தியரோடும் பேசி, பதிலைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

கிளிநொச்சி, வவுனியா வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் உண்டு. காசு கட்டத் தேவையில்லை. எங்கே போவதென்று தெரியாதவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். ஆனால் துணுக்காயில் இருந்து பஸ் மாறி மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு வருகிறவருக்கு மருந்து கிடைக்கும், மேயர் வழிப் பயிற்சி கிடைக்காது. அது கிழமைக்கு ஒருமுறையாவது நடக்கவேண்டிய வேலை. அதற்கு ஊருக்கு ஒரு மனநல மருத்துவர் வேண்டியதில்லை. மேயரின் நோயாளிகளுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் தாதியர்தான். பிரதேச வைத்தியசாலைத் தாதியருக்கும் களத்தில் ஏற்கெனவே இருக்கும் உளவளத்துணையாளர்களுக்கும் மனநல மருத்துவரின் மேற்பார்வையில் இந்த முறையைக் கற்பிக்க மாகாண சுகாதாரத் திணைக்களம் தீர்மானித்தால் போதும். புதுக் கட்டடம்கூடத் தேவையில்லை.